பானட்டைத் திறக்கப் பழகுவோம்



ஒரு மே மாதத்தின் பிற்பகல் வேளை. கல்யாணிலிருந்து சொந்த ஊராகிய திருநெல்வேலிக்குக் காரில் புறப்பட்டிருந்த ஒரு சகோதரன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, புனேயைத் தாண்டி கம்பட்கி கணவாய் ஏறிக்கொண்டிருந்தோம். வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது. மேட்டைக் கடந்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணி இன்னும் கொஞ்சம் ஓட்டினேன். இப்பொழுது அடியோடு நின்றுவிட்டது" என்றார். பின்னால் பிள்ளைகளின் அழுகைச் சத்தம் கேட்டது. நான்காம் நாள் அவருடைய தங்கைக்குத் திருமணம்.

அவர்கள் காரைச் சாத்தாராவில் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு, மூட்டை முடிச்சுகளோடு பேருந்து மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். திருமணத்திற்குப் போய்விட்டார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். திரும்பி வந்து காரை எடுத்தபோது பில் 24,000 ரூபாய். இஞ்சின் சூடேறி ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய்விட்டிருந்தது. ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அது. காரணம் என்னவென்று விசாரித்தேன். ரேடியேட்டருக்குப் போகும் ஒரு ரப்பர் குழாயில் மெல்லிய கசிவு. பல வாரங்களாகச் சொட்டுச் சொட்டாகக் கூலண்ட் குறைந்து, பக்கத்திலுள்ள வெள்ளை நிற டப்பா வறண்டு கிடந்திருக்கிறது. அந்தச் சகோதரன் பழைய காராக அதை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒருநாளாவது பானட்டைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதைத் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது ஐயா" என்றார்.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் தகப்பன்மார் சைக்கிள் செயின் கழன்றால் தாங்களே மாட்டினார்கள். பஞ்சர் ஒட்டினார்கள். பம்ப் ஸ்டவ் அடைத்துக்கொண்டால் நம் தாய்மார் பின் போட்டுக் குத்திச் சரிசெய்தார்கள். பிழைப்புக்காகப் பட்டணம் வந்த நாமோ, தவணை கட்டி ஒரு வாகனத்தை வாங்கிவிட்டு, அதன் உள்ளே இருப்பதெல்லாம் மெக்கானிக்கின் உலகம் என்று ஒதுங்கி நிற்கிறோம். வைப்பர் ரப்பரை மாற்றவும் கூலி கொடுக்கிறோம். ஆகவே இந்த மாதம், ஒரு சாதாரணக் குடும்பத் தலைவனோ தலைவியோ தங்கள் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய கார் வேலைகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். தொடவே கூடாத வேலைகளும் உண்டு. அவற்றையும் சொல்வேன்.

முதலில் அந்தக் கூலண்டையே எடுத்துக்கொள்வோம். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், பானட்டைத் தூக்கிப் பாருங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் இருக்கும். திரவம் இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டும். இவ்வளவுதான் சோதனை, அரை நிமிடம் ஆகும். குறைந்திருந்தால் உங்கள் காரின் கையேட்டில் சொல்லப்பட்டுள்ள கூலண்டை வாங்கி ஊற்றுங்கள். பச்சை, நீலம், சிவப்பு என்று பல நிறங்களில் விற்கிறார்கள். நிறத்தை மட்டும் பார்த்து ஒன்றோடொன்று கலக்காதீர்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பழகினால் உள்ளே உப்பும் துருவும் படியும். அடுத்த வாரமும் குறைந்திருந்தால் மீண்டும் ஊற்றிவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். எங்கேயோ கசிகிறது, அதை மெக்கானிக்கிடம் காட்டவேண்டும். குழாய் மாற்றும் செலவோடு அது முடிந்துவிடும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்கவேண்டாம். உள்ளேயிருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது மூடி தரும் அழுத்தத்தினாலேயே. மூடியைத் திருகிய கணத்தில் அந்த அழுத்தம் நீங்கி, அத்தனையும் கொதித்து முகத்தின்மேல் பீறிட்டு அடிக்கும். வழியில் வெப்பமுள் ஏறுவதைக் கண்டால் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும் வரையில் ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுங்கள். இஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுக்கும். இடம் கிடைத்தவுடன் இஞ்சினை அணைத்துவிட்டு நன்றாகக் குளிரும்வரை காத்திருங்கள். கணவாயின் உச்சிவரை ஏறிவிடலாம் என்ற அந்த நினைப்புதான் நம் சகோதரனுக்கு 24,000 ரூபாய் ஆனது.

அடுத்து பேட்டரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும்போது யாராவது ஒருவருடைய வண்டி 'டிக் டிக்' என்று மட்டும் சத்தமிட்டு நிற்பதும், வாலிபர்கள் ஓடிப்போய்த் தள்ளுவதும் நம் எல்லாச் சபைகளிலும் காணும் காட்சி. உடனே ஒருவர் சொல்லுவார், "பேட்டரி போயிற்று, புதிது போடவேண்டும்" என்று. பேட்டரி போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். பலவேளைகளில் அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் படிவமே மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் அது நுரைத்துக் கரைந்துவிடும். பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்தி, இறுக்கமாக மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் பூசிவிடுங்கள்.

இதில் ஒரு ஒழுங்கு உண்டு, அதை மாற்றக்கூடாது. இஞ்சினை அணைத்துவிட்டு, கழற்றும்போது முதலில் நெகடிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியாக நெகடிவ். காரின் உடல் முழுவதும் நெகடிவோடு இணைந்திருக்கிறது. முதலில் பாசிட்டிவைக் கழற்றப்போய் உங்கள் ஸ்பேனர் பக்கத்திலுள்ள இரும்பில் பட்டால் பெரும் தீப்பொறி பறக்கும். கையிலுள்ள மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் அதனருகே தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ கூடாது. இரவானால் டார்ச் லைட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரிகல் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளும்படி ஆலோசனை சொல்லுவேன். இரவு முழுவதும் நின்ற காரில், முழுச் சார்ஜுள்ள நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் அதில் சார்ஜ் இல்லை. இப்பொழுது இஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையே உயரவேண்டும். உயராமல் 12-லேயே நின்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பக்கத்தில் கோளாறு இருக்கிறது. அந்த நிலையில் நீங்கள் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் சில நாட்களில் அதுவும் இறங்கிப்போகும். இந்த இரண்டு எண்களை அறிந்தவர் தேவையில்லாமல் ஒரு பேட்டரி வாங்கமாட்டார். வாங்கத்தான் வேண்டுமென்றால் வாரண்டி அட்டையில் தேதி எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியைக் கடைக்காரரிடமே கொடுத்து அதன் மதிப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். குப்பையில் எறியக்கூடாது, அதில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன.

டயரைக் குறித்து நமக்கிருக்கும் அலட்சியம் வேறு எதிலும் இல்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எவ்வளவு காற்று இருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். முழுக் குடும்பமும் சாமான்களும் ஏறும்போது எவ்வளவு என்பதும் பலவற்றில் தனியாக உண்டு. மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். ஓடிச் சூடேறிய டயர் கூடுதலாகக் காட்டும். காற்றுக் குறைந்த டயர் எரிபொருளையும் தின்னும், ஓரங்களில் தேய்ந்து தானும் சீக்கிரமாக அழியும். நைட்ரஜன் நிரப்பினால் நல்லது என்று பணம் கேட்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தப் பணத்திற்கு ஒரு காற்றழுத்தமானி வாங்குவது மேல் என்பது என் கருத்து.

டயரின் பள்ளங்களுக்குள்ளே குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். அவை இருக்கும் இடத்தை டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ காட்டும். தேய்மானம் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட டயரோடு மும்பை மழையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகவேண்டாம். இதில் மிச்சம் பிடிக்க எண்ணாதீர்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர். பார்வைக்குப் புதிதாக மின்னினாலும் அதன் வயது அங்கே மறைக்கமுடியாமல் நிற்கிறது.

ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள். வேண்டிய நேரத்தில் அதை எடுத்தால் அதுவும் அமுங்கிக் கிடக்கும். சக்கரம் மாற்றுவதை வீட்டிலுள்ள சகோதரிகளும் வளர்ந்த பிள்ளைகளும் கட்டாயம் கற்றுக்கொள்ளவேண்டும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, அதன்பின் ஜாக்கியைத் தூக்கவேண்டும். தூக்கியபின் தளர்த்தப்போனால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். ஜாக்கியில் நிற்கும் காரின் கீழே கையையோ தலையையோ ஒரு நொடியும் நீட்டக்கூடாது.

ஏர் ஃபில்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பானட்டுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி, நான்கைந்து கிளிப்புகள், உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு காகிதச் சட்டம். பழையதை எடுத்துவிட்டு அதே திசையில் புதியதை வைத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஏ.சி.க்கு உரிய ஃபில்டர் பல கார்களில் டேஷ்போர்டிலுள்ள சாமான் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. ஏ.சி.யில் காற்று குறைவாக வருகிறது என்று ஒர்க்ஷாப்புக்குப் போய் கேஸ் நிரப்புமுன், அந்த ஃபில்டரில் எத்தனை தூசி அடைந்திருக்கிறது என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பியூஸ் போனால் அதே ஆம்பியரில், அதே நிறத்தில் போடுங்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. பெரிய ஆம்பியர் போடுவதும், கம்பியைச் சுற்றி வைப்பதும் ஒயரிங்கில் நெருப்பு வைப்பதற்குச் சமம். ஹெட்லைட்டில் ஹாலஜன் பல்பு மாற்றும்போது அதன் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள்; விரலின் எண்ணெய்ப் பசை அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

இனி என் சொந்தக் கதையொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பழைய மாருதி 800 இருந்தது. ஸ்பார்க் பிளக் மாற்றுவது எளிது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் மூன்றையும் கழற்றினேன். புதியவற்றை முதலில் விரலால் திருகி, மரையில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தபின்தான் ஸ்பேனரை வைக்கவேண்டும். எனக்கோ அவசரம், மாலையில் ஜெபக் கூட்டத்திற்குப் போகவேண்டும். நேராக ஸ்பேனரால் திருகினேன். மூன்றாவது பிளக் கோணலாக ஏறிற்று. அழுத்திப் பார்த்தேன். அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துவிட்டது. மிச்சம் பிடிக்கப்போன கூலி நூறு ரூபாய். அந்த மரையைச் சரிசெய்ய ஆனது அதைப்போல் இருபது மடங்கு. என் மனைவி அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அன்றுமுதல், நேரமில்லாத நாளில் நான் வண்டியில் கைவைப்பதில்லை.

ஆகையால் எவற்றைத் தொடக்கூடாது என்பதையும் கேளுங்கள். பிரேக்கை நாம் பிரிக்கக்கூடாது. பிரேக் ஆயில் டப்பாவில் அளவைப் பார்க்கலாம். அது குறைந்திருந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கேயோ கசிகிறது. மேலே கொஞ்சம் ஊற்றி அந்த எச்சரிக்கையை அழித்துவிடாமல், அன்றைக்கே மெக்கானிக்கிடம் போங்கள். ஏர்பேக்கின் ஒயர்கள் மஞ்சள் உறையில் இருக்கும். அவற்றின் பக்கம் போகவேண்டாம். எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயிரை வாங்கும் மின்னழுத்தம் உள்ளவை. மும்பையிலும் டெல்லியிலும் நம்மில் அநேகர் சி.என்.ஜி. கார் வைத்திருக்கிறோம். அதன் குழாய்களையோ வால்வையோ நாமும் தொடக்கூடாது, தெரு மெக்கானிக்கிடமும் கொடுக்கக்கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தச் சிலிண்டரை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்கவேண்டும் என்பது விதி. அந்தத் தேதியை உங்கள் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அது நம் பிள்ளைகளின் இருக்கைக்குப் பின்னாலேயே இருக்கும் சிலிண்டர் அல்லவா?

இஞ்சின் ஆயில் மாற்றுவதைப்பற்றிச் சிலர் கேட்கலாம். அளவு பார்ப்பது நம் வேலை. சமதரையில், இஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். ஆனால் மாற்றுவதைப் பட்டணத்தில் நான் பரிந்துரைக்கமாட்டேன். காரின் கீழே புகவேண்டும், குடியிருப்புச் சங்கத்தார் பார்க்கிங்கில் அனுமதிக்கமாட்டார்கள், வடிந்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதோ குற்றம். கையேட்டில் சொல்லியுள்ள தரத்திலான ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே பில்லோடு வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, கண்ணெதிரே மாற்றச் சொல்லுங்கள். மும்பையில் குர்லா, டெல்லியில் காஷ்மீரி கேட், பெங்களூரில் ஜே.சி. ரோடு ஆகிய இடங்களில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உறையில் விலையும் தயாரிப்பு மாதமும் அச்சிடப்படாத எதையும் வாங்கவேண்டாம். வாரண்டி காலம் முடியாத காராக இருந்தால், அந்த ஆண்டுகளில் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்வது நல்லது.

பணத்தை மிச்சப்படுத்துவதில் கைவேலையைவிடக் கையேடு அதிகமாக உதவுகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன். எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்றவேண்டும் என்ற அட்டவணை அதன் பிற்பகுதியில் இருக்கிறது. ஒருமுறை ஒரு ஒர்க்ஷாப்பில் இஞ்சின் ஃப்ளஷ், இஞ்செக்டர் கிளீனிங், ஏ.சி. கிருமிநாசினி என்று மூன்று வரிகளை என் பில்லில் சேர்த்திருந்தார்கள். அட்டவணையைக் காட்டி, "இவை எதிலே சொல்லியிருக்கிறது தம்பி?" என்று கேட்டேன். அந்த இளைஞர் சண்டையிடவில்லை; மூன்றையும் அடித்துவிட்டார். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே சொல்லி வைப்பதும் நல்ல பழக்கம்.

மழைக்காலத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் மும்பை வாசகர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நம்மில் பலர் நேரில் கண்டோம். தேங்கிய தண்ணீரில் கார் நின்றுபோனால் சாவியை மீண்டும் திருப்பாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே புகுந்த நீரைப் பிஸ்டன் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து இஞ்சினே போய்விடும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசிகள் பெரும்பாலும் இந்தச் சேதத்தை ஏற்பதில்லை. இஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் கிடைக்கும். ஆகவே வண்டியை விட்டு இறங்கி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். தண்ணீர் வடிந்தபின் தள்ளியோ கட்டி இழுத்தோ கொண்டுபோகலாம்.

கல்யாண் சகோதரன் மறு ஆண்டும் மே மாதத்தில் ஊருக்குப் புறப்பட்டார். ஒரு வழிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல். புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கீழே பார்க்கிங்கில் பானட் திறந்திருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகள் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு நோட்டும் வைத்திருந்தாள். கூலண்ட், ஆயில், ஐந்து டயர்களின் காற்று, பேட்டரி வோல்ட் எல்லாம் தேதியோடு அதில் எழுதியிருந்தன. "12.5 இருக்குது அப்பா" என்று சொல்லி எழுதினாள். "ஸ்டெப்னிய இன்னும் பாக்கலயே" என்று அவளே நினைவுபடுத்தினாள். அவர் டிக்கியைத் திறக்கப் போனார்.